இடுப்பொடிந்த முயல்

அத்தியாயம் 9

அடி உதவுவது போல் அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்றொரு பழமொழி இருக்கிறது. மற்றவர்கள் அதைச் சொல்லிச் சிரித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். இன்ஸ்பெக்டர் மட்டும் அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அதன் பலன் லாக்கப் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. ஆராய்ச்சி நிலையத்து விலங்குக் காப்பாளருக்கு இடது கண் மூடிக்கிடந்தது. உதடு கிழிந்து ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. வலது கையைச் சட்டைக்குள் விட்டு மறைத்துக்கொண்டிருந்தார்.

"கையில என்னண்ணே?" என்று கேட்டான் லொள்ளு.

"ஒண்ணுமில்ல தம்பி. குளுருது."

வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

லொள்ளுவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அவன் வாய் செய்த வேலையில் அது அழிந்துபோய் இதுதான் நிலைத்தது. துப்பறியும் அண்ணிக்கு அவன் உதவியாளன், ஓட்டுநர், புருஷனின் தம்பி. சம்பளம் கேட்டால், "மூணு வேளை கொட்டிக்கிறியே, அது எந்தக் கணக்கு?" என்பாள் அண்ணி.

அவள் இப்போது கம்பிக்கு இந்தப் பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்க. டாக்டரம்மா செத்துக் கிடக்காங்க. நீங்க முதல்ல என்ன செஞ்சீங்க?"

"தூக்கினேம்மா. தலை என் கையிலயே..." காப்பாளர் நிறுத்தினார். "உயிர் இல்லன்னு தெரிஞ்சுது. பக்கத்துல ஒரு முயலும் செத்துக் கிடந்துச்சு. அதைப் பையில போட்டு ஃப்ரீசர்ல வெச்சேன். அப்புறம்தான் போலீஸுக்குப் போன் பண்ணினேன்."

"கேட்டீங்களா!" பின்னாலிருந்து இன்ஸ்பெக்டரின் குரல் வந்தது. "மனுஷி மூளை சிதறிக் கிடக்கா, இவன் முயலுக்குப் பை தேடியிருக்கான்! கல்நெஞ்சன். கையெல்லாம் கீறல் வேற. அந்தம்மா போராடியிருக்கா."

"முயல் வளர்க்கிறவர் கையில கீறல் இல்லாம மருதாணியா சார் இருக்கும்?" என்றான் லொள்ளு.

இன்ஸ்பெக்டர் முறைத்தார். காப்பாளர் தலையைக் குனிந்துகொண்டே பேசினார். "செத்த பிராணி தரையில கிடக்கக் கூடாது, உடனே குளிர்ல வைக்கணும். அப்பத்தான் என்ன நோயில செத்துச்சுன்னு பார்க்க முடியும். டாக்டரம்மாதான் என்னை அப்படிப் பழக்கினாங்க. கை தானா செஞ்சிருச்சும்மா."

அந்த ஆராய்ச்சி நிலையத்தில் எலிக்கும் முயலுக்கும் கினிப்பன்றிக்கும் வரும் நோய்களைப் பற்றி ஆராய்கிறார்கள். முயல் நோய்களுக்கென்று இருந்த பெண் டாக்டரைத்தான் போன வாரத்துக்கு முந்தின வாரம் யாரோ கூண்டு அடுக்கின் இரும்புக் கம்பியால் அடித்துக் கொன்றிருந்தார்கள். ஓர் அடியில் செத்திருக்க வேண்டியவரை மேலும் மேலும் அடித்திருந்தார்கள். கன்னத்தில் எலும்பே மிச்சமில்லை.

"இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள வாக்குமூலத்துல கைநாட்டு வாங்கிருவேன்" என்றார் இன்ஸ்பெக்டர். "நாளைக்குக் கோர்ட்டு. உங்களுக்கு நாங்க ஃப்ரீசர்ல வெச்ச சீலை உடைச்சுப் பார்க்கத்தானே கோர்ட்டு உத்தரவு? போய்ப் பாருங்க. செத்த முயல் சாட்சி சொல்லுமான்னு நானும் பார்க்கறேன்."

ஸ்டேஷன் வாசல் பெஞ்சில் காப்பாளரின் மனைவி உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம். அண்ணியின் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"நேத்து ராத்திரி இங்க உக்காந்திருந்தேம்மா. அவரு கத்தினது கேட்டுச்சு. அப்புறம் கத்தலே. அதுதான் பயமா இருக்கு. இன்னொரு ராத்திரி தாங்க மாட்டாரும்மா."

அண்ணி தலைப்பை மெல்ல விடுவித்துக்கொண்டாள். அவள் தாடை இறுகியிருந்ததை லொள்ளு பார்த்தான். அந்தத் தாடை அப்படி இறுகினால் வீட்டில் அண்ணனே மாடிக்குப் போய்விடுவான்.

ஆராய்ச்சி நிலையத்தின் உள்ளே போவதற்குக் கல்யாண வீட்டை விடக் கெடுபிடி அதிகமாக இருந்தது. கை கழுவி, தொப்பி மாட்டி, நீலச் சட்டை போட்டு, அதன்மேல் வெள்ளைக் கோட்டு மாட்டி, கிருமிநாசினித் தட்டில் காலை நனைத்துவிட்டுத்தான் நடக்க வேண்டும். ஸ்டேஷனிலிருந்து கூட வந்த ஏட்டுக்கும் அதே மரியாதைதான். அவர் தொப்பி காதை விட்டு இறங்கி மூக்கில் நின்றது.

"ஏட்டய்யா, முயல் உங்களைப் பார்த்துப் பயப்படப் போகுது" என்றான் லொள்ளு.

நடைபாதைச் சுவரில் ஒரு பெரிய படம் மாட்டியிருந்தது. வழுக்கைத் தலை மனிதர் ஒருவர் ஒரு வெள்ளை முயலின் தலையைக் கக்கத்தில் செருகி, அதன் உடம்பைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டு, பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே, 'இப்படித்தான் தூக்க வேண்டும்' என்று எழுதியிருந்தது.

"பெத்தவ கூட இப்படி அணைக்க மாட்டா" என்றான் லொள்ளு.

"அது நான்தான்" என்று பின்னாலிருந்து சிரித்தார் அதே வழுக்கைத் தலை. நிலையத்தின் கால்நடை மருத்துவர். வேலைக்கு வரும் ஒவ்வொருவருக்கும் பிராணியைக் கையாளக் கற்றுக்கொடுப்பவர் என்பதால் எல்லோருக்கும் வாத்தியார். "வாங்க மேடம். காப்பாளரை நினைச்சு எனக்கு ராத்திரியில தூக்கமே இல்ல. அவர் நான் பழக்கின கை."

அவருக்குப் பின்னால் இயக்குநர் வந்தார். தொந்தியும் டையுமாகப் பெரிய மனிதர். "சீக்கிரம் முடிச்சுக்கோங்க. எங்க வேலை கெட்டுப்போய்க் கிடக்கு" என்றார்.

போலீஸ் உத்தரவால் முயல் அறையை யாரும் இன்னும் முழுதாகக் கழுவவில்லை. கூண்டு அடுக்குகளுக்கு நடுவே சுவரில் ரத்தம் விசிறியடித்துப் பழுப்பாகக் காய்ந்திருந்தது. அதில் வெள்ளை முடிகள் ஒட்டியிருந்தன. ஒரு கூண்டின் கதவு வளைந்து தொங்கியது. தரையில் ஐந்து விரல்களும் இழுத்துக்கொண்டு போன தடம் கதவுப் பக்கம் வரை போய் அங்கே நின்றிருந்தது. டாக்டரம்மா உடனே சாகவில்லை. தவழ்ந்திருக்கிறார். லொள்ளு அந்தத் தடத்தை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு நடந்தான்.

ஏட்டு சீலை உடைத்தார். ஃப்ரீசரிலிருந்து வந்த முயல் இரும்பு மேஜையில் கிடந்து மெல்ல இளகியது. வாத்தியார் கையுறை போட்டு அதன் முதுகைத் தடவினார். விரல் இடுப்புக்குப் பக்கத்தில் நின்றது.

"முதுகெலும்பு முறிஞ்சிருக்கு மேடம். மேல அடிபட்ட காயம் எதுவும் இல்ல பாருங்க."

"அப்போ யாரு முறிச்சா?"

"அதுவே முறிச்சுக்கிச்சு." வாத்தியார் வகுப்பு எடுக்கும் குரலுக்குப் போனார். "முயலுக்கு எலும்பு லேசு, பின்னங்கால் பலம் ஜாஸ்தி. பின்பக்கத்தைத் தாங்காம காதையோ பிடரியையோ மட்டும் பிடிச்சுத் தூக்கினா, பயந்து போய் உதைக்கும். அந்த உதையிலயே இடுப்பு போயிரும். அதனாலதான் ஒரு கை பிடரியில, ஒரு கை பின்பக்கத்துக்கு அடியில. முதல் நாள் வர்றவனுக்கு நான் சொல்ற முதல் பாடமே இதுதான்."

"காப்பாளர் இப்படித் தூக்கியிருப்பாரா?"

"தூக்கத்துல கூட மாட்டார். பிராணியைத் தொட்டே பழகாத ஆள் யாரோதான் தூக்கியிருக்கணும்." சொல்லிவிட்டு வாத்தியார் இயக்குநரைப் பார்க்காமல் இருக்க மிகவும் பாடுபட்டார். அந்தப் பாட்டை எல்லோரும் பார்த்தார்கள்.

"என்னை ஏன்யா ஜாடை காட்டறே?" இயக்குநர் எகிறினார்.

"நான் எதுவும் சொல்லலையே சார். நீங்களும் டாக்டரம்மாவும் முந்தின நாள் சண்டை போட்டதைக் கூட நான் சொல்லலை."

"சொல்லாம சொல்றதுல இவருக்கு டாக்டர் பட்டமே கொடுக்கலாம்" என்று முணுமுணுத்தான் லொள்ளு. ஆனாலும் அவனுக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. தொந்தி மாட்டிக்கொண்டது. காப்பாளர் ராத்திரிக்குள் வீட்டுக்குப் போய்விடலாம்.

அண்ணி முயலின் பின்னங்காலைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நகத்தில் நீல நூல் சிக்கியிருந்தது. இங்கே கோட்டுக்குள் எல்லோரும் போடும் சட்டையின் நீலம். நூலோடு காய்ந்த தோல் ஒரு துணுக்கும் இருந்தது.

"ஏட்டய்யா, எல்லார் கையையும் பார்த்தீங்களே. வயித்தைப் பார்த்தீங்களா?"

"வயித்தையா?" ஏட்டு தொப்பியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். "எதுக்கும்மா?"

"காதைப் பிடிச்சுத் தூக்கினா கால் எங்க தொங்கும்? தூக்கினவன் வயித்துக்கு நேரா. இது காத்துல உதைக்கலை."

கூண்டுகளில் உயிரோடிருந்த முயல்கள் புல்லைக் கடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

லொள்ளு குனிந்தான். "அண்ணி, இதோட மூக்கைப் பாருங்க. முடி வட்டமா கொட்டியிருக்கு. கால்லயும் இருக்கு. இது நம்ம வீட்டுப் பூனை எனக்குக் கொடுத்த பரிசாச்சே! படர்தாமரை. நான் சொறிஞ்ச சொறியில அண்ணன் என்னை வாசல் திண்ணையிலயே படுக்க வெச்சான்."

"ஃப்ரீசர்ல வெச்சா முடி உதிர்றது சகஜம்" என்றார் வாத்தியார்.

அண்ணி இயக்குநரிடம் திரும்பினாள். "உங்க முயலுக்குப் படர்தாமரை வருமா சார்?"

"எப்படி வரும்? எல்லாம் இங்கேயே பிறந்து இங்கேயே வளர்றது. வெளி முயல் ஒண்ணு கூட இந்த வாசலைத் தாண்டாது." இயக்குநர் எட்டிப் பார்த்தார். காதில் பச்சை குத்தியிருந்த எண்ணைப் படித்தார். "வாத்தியாரோட தடுப்பூசிச் சோதனையில இருந்த முயல் இது. இதுக்கு எப்படி...?" அவர் முகம் குழம்பியது. நடிப்பென்றால் நல்ல நடிப்பு என்று நினைத்தான் லொள்ளு.

"சார், அந்தக் கூண்டுல இருக்கிற முயலைத் தூக்கி எங்கிட்ட கொடுங்க" என்றாள் அண்ணி.

"நானா?"

"நீங்கதான்."

இயக்குநர் கூண்டைத் திறந்தார். கையை உள்ளே விட்டு, நேரே இரண்டு காதையும் பிடித்து இழுத்தார். முயல் வீறிட்டுத் துள்ளியது. "ஐயோ, விடுங்க சார்!" என்று வாத்தியார் அலறினார். இயக்குநர் விட்டுவிட்டார். முயல் கூண்டின் மூலைக்குப் போய்ப் பதுங்கியது.

"சுபம்" என்றான் லொள்ளு. "ஏட்டய்யா, விலங்கு கொண்டுவந்தீங்களா?"

இயக்குநருக்கு முகம் சிவந்தது. "யாரைப் பார்த்துடா?" என்று கத்தியவர் கோட்டையும் சட்டையையும் ஒன்றாகச் சுருட்டித் தூக்கினார். நெய் வழிய வளர்ந்த தொந்தி வெளியே வந்தது. ஒரு கீறல் இல்லை. குழந்தையின் கன்னம் கெட்டது போங்கள்.

லொள்ளுவின் சந்தோஷம் புஸ்ஸென்று போயிற்று. மணி ஆகிக்கொண்டிருந்தது. ஸ்டேஷனில் அந்த மனிதர் கத்துவதைக் கூட நிறுத்திவிட்டார்.

அண்ணி மட்டும் அசரவில்லை. "வாத்தியாரே, சரியா எப்படித் தூக்கறதுன்னு நீங்க காட்டுங்க. சாருக்கும் பாடமா இருக்கும்."

வாத்தியார் புன்னகையோடு முன்னால் வந்தார். ஒரு கை பிடரியில், மறு கை பின்பக்கத்துக்கு அடியில். முயல் ஒரு முனகலும் இல்லாமல் எழும்பி வந்தது. அவர் இரண்டு கையையும் முன்னால் நீட்டி, காப்பித் தட்டை ஏந்தி வருவதுபோல் அதை ஏந்திக்கொண்டு அண்ணியிடம் வந்தார்.

"அற்புதம்" என்றாள் அண்ணி. அவள் முயலை வாங்கிக்கொள்ளவில்லை. "ஆனா பாதிப் பாடம்தானே இது? படத்துல தலையைக் கக்கத்துல செருகி, வயித்தோட அணைச்சிருக்கீங்க. இப்போ ஏன் அணைக்கலை?"

"ரெண்டடி தூரம்தானே மேடம்."

"பரவாயில்ல. அணைச்சுக் காட்டுங்க."

வாத்தியாரின் புன்னகை அப்படியே இருந்தது. கைகள் மட்டும் முன்னால் நீண்டபடியே நின்றன. முயல் கனத்தது, கைகள் மெல்லத் தாழ்ந்தன. ஆனாலும் அவர் அதைத் தன் உடம்புப் பக்கம் கொண்டுவரவில்லை.

"அண்ணி," லொள்ளு தடுமாறினான், "இவருக்குத்தான் தூக்கத் தெரியுமே!"

"தெரியும். ஆனா அதுக்கு ரெண்டு கை வேணும். ஒரு கையில இரும்புக் கம்பி இருந்தா?"

அந்தக் கேள்வி விழுந்த அடுத்த கணம் வாத்தியார் முயலை அண்ணியின் முகத்தில் வீசினார்.

அவள் இரண்டு கையாலும் அதைப் பிடித்தாள். அதற்குள் அவர் மேஜையிலிருந்த அறுவைக் கத்தியை எடுத்திருந்தார். குறுக்கே வந்த ஏட்டின் தோளைக் கத்தி கிழித்தது. ஏட்டு அலறிக்கொண்டு சுவரில் சாய்ந்தார். லொள்ளு பாய்ந்தான். கத்தி அவன் முன்னங்கையில் மணிக்கட்டு முதல் முழங்கை வரை கோடு போட்டது. சூடாக ஏதோ வழிந்தது, பிறகுதான் வலித்தது. வாத்தியார் அவனைக் காலால் எட்டி உதைத்துத் தள்ளிவிட்டு, அண்ணியின் கழுத்தைப் பிடித்துக் கூண்டு அடுக்கோடு வைத்து அழுத்தினார். அடுக்கு சாய்ந்தது. கூண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இரைச்சலோடு விழுந்தன. கத்தியும் எங்கோ எகிறிப் போயிற்று. இயக்குநர் மேஜைக்கு அடியில் இருந்தார்.

"அவளும் இப்படித்தான் கேள்வி கேட்டா" என்று வாத்தியார் பல்லைக் கடித்தார். "கேள்வி மேல கேள்வி!"

அண்ணியின் முகம் கறுத்துக்கொண்டு வந்தது. ஆனால் முயலை அவள் விடவில்லை. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அவர் விரல்களைப் பிய்த்தாள். முடியவில்லை. கண்கள் லொள்ளுவைத் தேடின. பிறகு அவை கீழே இறங்கி வாத்தியாரின் வயிற்றில் நின்றன.

லொள்ளுவுக்குப் புரிந்தது. ரத்தம் சொட்டும் கையாலேயே ஓங்கிக் குத்தினான். வெறும் குத்துதான். வாத்தியார் வெட்டுப்பட்ட ஆடு மாதிரி அலறி, மடங்கி, தரையில் சுருண்டார்.

லொள்ளு அவரைப் புரட்டிப் போட்டு, கோட்டையும் சட்டையையும் விலக்கினான். மார்புக்குக் கீழிருந்து தொப்புள் வரை நீளக் கீறல்கள் சீழ் கோத்திருந்தன. கீறலின் வழியெங்கும், ஒன்றைத் தொட்டு ஒன்றாக, சிவந்த வட்டங்கள் படர்ந்திருந்தன. முயலுக்கு மூக்கில் இருந்த அதே வட்டம்.

"வைத்தியன் வயித்துக்கு வைத்தியம் பார்க்க ஆளில்ல" என்றான் லொள்ளு மூச்சிரைக்க. "போய்க் காட்டியிருந்தா கீறினது யாருன்னு டாக்டர் கேட்டிருப்பாரே."

அண்ணி கழுத்தைத் தடவிக்கொண்டு இருமினாள். குரல் கரகரத்தது. "தடுப்பூசி உங்க தடுப்பூசி. போட்ட முயலெல்லாம் சாக ஆரம்பிச்சுது. செத்ததுக்குப் பதிலா சந்தை முயலை வாங்கி, காதுல அதே எண்ணைக் குத்தி வெச்சீங்க. ஆனா சந்தை முயல் படர்தாமரையையும் கூடவே கொண்டுவந்துருச்சு. டாக்டரம்மா அந்த மூக்கைப் பார்த்தாங்க. சரிதானே?"

"'இது இங்க பிறந்த முயலே இல்ல'ன்னு அவ சொன்னா." வாத்தியார் தரையைப் பார்த்துப் பேசினார். "எத்தனை வருஷ உழைப்பு! ஒரே ஒரு அடிதான் அடிச்சேன். முயலை எடுத்துட்டுப் போய் எரிச்சிரலாம்னு தூக்கினேன். அவ சாகலை. தவழ்ந்து வந்து என் காலைப் பிடிச்சா. விடவே இல்ல. ஒரு கையில முயல் உதைக்குது, ஒரு கையால அவளை அடிக்கிறேன், அடிக்கிறேன், விடவே மாட்டேங்கிறா. அதுக்குள்ள காப்பாளரோட தள்ளுவண்டிச் சத்தம். முயலைப் போட்டுட்டுக் கழுவுற அறை வழியா ஓடினேன். ரத்தம் பட்ட கோட்டைக் கிருமி கொல்ற நீராவிப் பெட்டியில போட்டேன். திரும்பி வந்து முயலை எடுத்துக்கலாம்னு நினைச்சேன். அந்தப் பாழாப்போனவன் அதைப் பையில போட்டு ஃப்ரீசர்ல வெச்சுட்டான்."

"நீங்க பழக்கின கை" என்றாள் அண்ணி.

"இல்ல. அது அவ பழக்கினது."

லொள்ளுவுக்குத் தரையிலிருந்த ஐந்து விரல் தடம் கண்ணில் பட்டது. விழுந்து கிடப்பவனை உதைக்கக் கூடாது என்று அவனுக்கும் தெரியும். உதைத்தான். ஏட்டு தன் தோளைப் பொத்திக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

வாத்தியார் லாக்கப்புக்குள் போனார். காப்பாளர் வெளியே வந்தார். இன்ஸ்பெக்டர் மேஜைக்குப் பின்னால் நின்று தொண்டையைக் கனைத்தார்.

"முதல்லயே எல்லாத்தையும் விவரமா சொல்லியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது. சரி, போகட்டும். உன் சாமானெல்லாம் வாங்கிக்கிட்டேன்னு இதுல ஒரு கையெழுத்தைப் போட்டுட்டுக் கிளம்பு."

பேனாவை நீட்டினார். காப்பாளர் இடது கையால் வாங்கினார்.

"அவருக்குச் சோத்துக் கைப் பழக்கமாச்சே" என்றாள் அவர் மனைவி. அவள் கிட்டே போனாள். "அந்தக் கையை எடுங்க."

"வீட்டுல போய்ப் பார்த்துக்கலாம்."

"எடுங்கன்றேன்ல."

அவளே சட்டைக்குள் கைவிட்டு மெல்ல வெளியே எடுத்தாள். விரல்கள் வீங்கி நீலம் பாரித்திருந்தன. இரண்டு விரல்கள் போகக் கூடாத பக்கம் வளைந்திருந்தன. அவள் கத்தவில்லை. அந்தக் கையைத் தன் இரண்டு கைகளிலும் அடியில் தாங்கிப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

லொள்ளு தன் கட்டுப்போட்ட கையைப் பின்னால் மறைத்துக்கொண்டான். "கட்டு போட்டா சரியாயிரும்ணே" என்றான்.

"பழையபடி மடங்காதுன்னு தோணுது தம்பி." காப்பாளர் விரல்களையே பார்த்தார். "முயலை ஒரு கையால தூக்கக் கூடாதே."

லொள்ளுவின் கண்கள் கலங்கின. அவன் அவற்றைத் துடைக்கவும் இல்லை.

அண்ணி இன்ஸ்பெக்டருக்கு எதிரே கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கழுத்தில் விரல் தடங்கள் சிவந்து எழும்பியிருந்தன. அவள் இன்ஸ்பெக்டரின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமலே பேசினாள்.

"ஏட்டய்யா, காகிதம் எடுங்க. இன்னொரு புகார் எழுதணும்."

ஏட்டு இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். பிறகு அந்த அம்மாள் தாங்கிக்கொண்டிருந்த கையைப் பார்த்தார். தோள் கட்டில் ரத்தம் ஊறிக்கொண்டிருந்தது. அவர் மெதுவாகக் குனிந்து, மேஜை இழுப்பறையைத் திறந்து, ஒரு காகிதத்தை எடுத்து வைத்துவிட்டுக் கேட்டார்:

"யார் மேலம்மா?"